ஈரத்துணியும் புது ஆபீஸும்

விருத்தாசலத்தில் ஆபீஸ் மாற்றித் தர ஆள் தேடிய அந்த ஒரு மாதத்தில் நான் பார்த்த நிபுணர்களை இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஊரில் செல்போன் புதிதாகப் புழங்கத் தொடங்கியிருந்த காலம். சட்டைப்பையில் விசிட்டிங் கார்டு வைத்திருந்த எவனும் தன்னை நிபுணன் என்று சொல்லிக்கொண்டான்.

முதலில் வந்தவர் வேப்பூர் லாரி புரோக்கர். அறையை வாசலில் நின்றே பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டால் ஒரு மணி நேர வேலை என்றார். பீங்கான் யூனிட் நடத்துகிறவளிடம் வந்து தூக்கிப் போடுவதைப் பற்றிப் பேசுகிற துணிச்சல் யாருக்கு வரும்? அடுத்தவர் வளைகுடாவில் இருந்து திரும்பி மங்கலம்பேட்டையில் ‘ஷிப்டிங்’ கம்பெனி வைத்திருந்தவர். துபாயில் இருபது மாடி ஆபீஸை எப்படி இடம் மாற்றினார் என்று இரண்டு மணி நேரம் சொன்னார், மூன்று டீ குடித்தார். என் ஆபீஸ் எங்கே போகிறது என்று மட்டும் கடைசிவரை கேட்கவே இல்லை.

என் ஆபீஸ் என்ன பெரிய ஆபீஸ்? செராமிக் எஸ்டேட்டில் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒரு மேஜை, இரண்டு பீரோ, சாம்பிள் வைக்கும் அலமாரி. அங்கே வந்த கோயமுத்தூர் பார்ட்டி ஒருவரின் பேண்ட் ஓரத்தில் பட்டறைக் களிமண் தெறித்துவிட்டது. அவர் குனிந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரமே கடலூர் ரோட்டில் மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட இடம் ஒன்றை வாடகைக்குப் பேசிவிட்டேன். மண்ணில் பிழைக்கிறவளுக்கு மண்ணைக் கண்டு வெட்கம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அதே பார்ட்டிதான் சனிக்கிழமை திரும்பி வருவதாக இருந்தார். ஹீட்டர் கம்பி சுற்றும் பீங்கான் கட்டைக்குப் புது அளவு கொடுத்திருந்தார். சாம்பிள் பிடித்தால் வருஷம் முழுக்க ஆர்டர். ஆறு சாம்பிள் செய்திருந்தோம். சுடாத பச்சை மண்ணை வேகமாகக் காயவைத்தால் விரிசல் விடும். காற்றும் வெயிலும் படாத இடம் அந்த ஆபீஸ் அறைதான் என்பதால், ஆறும் இரண்டு வாரமாக அலமாரியில் மெல்ல உலர்ந்துகொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை பொதுச் சூளையில் எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் மாற்றுவது என்று முடிவு. அறை அன்றே காலியாக வேண்டும் என்பதால், ஆறும் ஒரு ராத்திரி புது இடத்தில் இருந்துவிட்டுச் சூளைக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது நிபுணர் பாண்டிச்சேரியில் இருந்து வந்தார். டை கட்டியிருந்தார். அட்டையில் செருகிய தாளில் ஒவ்வொரு பொருளாக எழுதினார், டேப் வைத்து மேஜையை அளந்தார், மேஜைக்கு என்ன வயது என்று கேட்டார். நான் டை கட்டினவனைப் பார்த்து மயங்குகிற ரகம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார். பாதிக்கு மேல் நான் காது கொடுக்கவில்லை, போகிற போக்கில் பதில் சொல்லித் தாளில் கையெழுத்தும் போட்டேன்.

எங்கள் பேக்கிங் வேலையைத் தொடக்கத்தில் இருந்து பார்த்துவந்த அம்மாள் ஒருத்தி உண்டு. வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினால் கல்கத்தா போய்ச் சேரும்வரை ஒன்றுகூட உடையாது. கூட நாலு பெண்கள். மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலை இருக்காது. இந்த ஆர்டர் வந்தால் அந்தக் கவலை தீரும் என்று நானே அவளிடம் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, “அந்த ஆறையும் நான் மடியில வச்சி எடுத்தாறேம்மா. மத்தத அவங்க பாத்துக்கட்டும்,” என்றாள்.

அவளுடைய மண் படிந்த புடவையைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவை நினைத்தேன். தொழில் தெரிந்தவர்கள் வருகிறார்கள், நீ நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை நீலச் சட்டையில் ஐந்து பேர் இறங்கினார்கள். புது இடத்தில் மின்சாரக்காரரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் பெட்டிகள் வந்தன, கூடவே டைக்காரரும் வந்தார். நாற்காலிக் கால்களுக்குக்கூட உறை மாட்டியிருந்தார்கள். சாம்பிள் பெட்டியை நானே பிரித்தேன். குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளுக்குள் கட்டைகளைக் காணோம். கம்பி உட்காரும் வரிகள் வழிந்து, இடுப்பில் நசுங்கி, ஆறும் சாம்பல் நிறக் கூழாகப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கிடந்தன.

தூசி இருந்ததாம். அதனால் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, ஈரம் காயும் முன்பே இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டினார்களாம். சுடாத மண்ணுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது இந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். டைக்காரரை நான் பேசாத பேச்சில்லை. கீழே செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. அட்டையில் இருந்து தாளை உருவி என் முன்னால் வைத்தார்.

“தண்ணி படக்கூடாத சாமான் எதுனா இருக்குதான்னு கேட்டேங்க மேடம். ‘பீங்கான் ஆபீசுல தண்ணி பட்டா என்னய்யா ஆவும், நல்லா தொடச்சே எடுத்துட்டுப் போ’ன்னு நீங்கதான் சொன்னீங்க.”

‘இல்லை’ என்ற இடத்தில் டிக் இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து. சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்ன பிறகு சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

மறுபடி செய்து காயவைக்க நாள் இல்லை. சனிக்கிழமை பார்ட்டி வந்தார், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து காபி குடித்தார், சாம்பிள் எங்கே என்றார். பிறகு எஸ்டேட்டில் எங்கள் பழைய இடத்துக்கு நாலு ஷெட் தள்ளி இருந்த யூனிட்டுக்குப் போனார். பேண்ட்டை முட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு களிமண்ணில் நடந்தாராம். ஆர்டர் அவர்களுக்குப் போயிற்று.

பேக்கிங் அம்மாள் ஒரு வாரம் கழித்துப் புது ஆபீஸ் பார்க்க வந்தாள். செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டிருந்தாள். அந்த யூனிட்டில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். போ என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

எழுந்தவள் கதவருகே நின்றாள். “அதுல தண்ணி படலாமான்னு அந்த டைக்காரரு ஒரு வார்த்த கேக்கலியாம்மா?”

“கேக்கல,” என்றேன்.

“டை கட்டிக்கினு வந்தா ஆச்சா,” என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.