பூட்டுக்குறி இல்லாத பக்கம்

அந்தத் தையல் கம்பெனியில் பூட்டம்மா எங்கே என்று கேட்டால் அலுவலக அறையைக் கை காட்டுவார்கள். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருநூறு பேருடைய மருத்துவக் காப்பீட்டு விவரம் அவள் பொறுப்பு. அதைத் திறக்கும் கடவுச்சொல்லோ அவளுக்கே மனப்பாடம் இல்லை. பிரவுசரின் ஓரத்தில் ஒரு கடவுச்சொல் பெட்டகம் போட்டு வைத்திருந்தாள். இருபத்தெட்டு எழுத்தில் கன்னாபின்னாவென்று ஒன்றை அதுவே உருவாக்கி, அதுவே வைத்துக்கொண்டு, உரிய பக்கம் வந்தால் அதுவே நிரப்பும். "என்னைக் கட்டி வச்சு அடிச்சாலும் சொல்ல முடியாது. தெரிஞ்சாத்தானே சொல்ல!" என்பாள்.

இந்தப் பேச்செல்லாம் சும்மா வந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் பெட்டகம் நிரப்ப மறுத்தது. இது என்னடா தொல்லை என்று அவளே கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டிவிட்டாள். முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்பு உண்டு என்று காட்டும் பூட்டுக்குறி இல்லாத பக்கம் அது. வழியில் எவனோ களவாடிக்கொண்டான். மறுவாரம் முன்பின் தெரியாதவர்கள் தையல்காரிகளைப் போனில் கூப்பிட்டு, பிறந்த தேதியிலிருந்து நோய்நொடி வரை ஒப்பித்தார்கள். பூட்டம்மா ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் போய் நின்று, "தப்பு என்னோடது" என்று சொன்னாள். ஒருத்தர் விடாமல் சொன்னாள். யாரும் திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பெட்டகம் மறுபடியும் அடம்பிடித்தது. காப்பீட்டு நிறுவனத்தார் போன வாரம்தான் இணையதளத்தைப் புது முகவரிக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றின மகராசன்கள் பாதுகாப்பைப் போட மறந்துவிட்டார்கள்! பக்கத்தின் தலைமாட்டில் 'பாதுகாப்பற்றது' என்று பொடி எழுத்தில் இருந்தது. கடவுச்சொல் கட்டம் காலியாகவே கிடந்தது.

போக வேண்டியது காலர் அக்காவின் விண்ணப்பம். காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இப்போது வலது கண்ணில் புரை முற்றிப்போய், ஊசி இரண்டாகத் தெரிந்தது. நாலு மணிக்குள் விண்ணப்பம் சேர்ந்தால் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. தவறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவளைப் பிசிறு வெட்டும் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள்; அங்கே போனவர்கள் மெஷினுக்குத் திரும்பியதில்லை.

"மணி ரெண்டாச்சும்மா," என்றார் மேலாளர். "காப்பி பண்ணி ஒட்டிடு. ஒரு தடவைதானே?"

"போன தடவையும் ஒரு தடவைதான் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, கை கேட்கவில்லை. நகலெடுத்தே விட்டாள். ஒட்டுவதுதான் பாக்கி. சட்டென்று எழுந்து காலர் அக்காவிடம் போனாள்.

"அக்கா, நான் இப்ப ஒட்டிட்டா உங்க வேலை முடிஞ்சிடும். ஆனா அந்தச் சாவி எல்லாருக்கும் பொது. ஒட்டலைன்னா நேர்ல போய்க் கெஞ்சணும். வாங்குவாங்களான்னு தெரியாது. உங்க கண்ணு, நீங்க சொல்லுங்க."

காலர் அக்கா மெஷினை நிறுத்தினாள். "அன்னிக்கு ஒருத்தன் போன்ல எங்கம்மா செத்த தேதியைச் சொன்னான். ராத்திரி பூரா அழுதேன். இன்னொருத்திக்கு அது வேணாம். கிளம்பு, நேர்லயே போவோம்."

விண்ணப்பத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, காப்பீட்டு அலுவலகத்துக்கு பஸ் பிடித்துப் போனார்கள். கவுண்டரில் இருந்த இளைஞன் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "நேர்ல வாங்கறதில்லைம்மா. எல்லாம் ஆன்லைன்தான்."

"சரி தம்பி, உங்க கம்ப்யூட்டர்லயே உங்க பக்கத்தைத் திறங்க. மேலே என்ன எழுதியிருக்கு, படிங்க."

திறந்தான். படித்தான். முகம் சுருங்கிப்போயிற்று.

"உங்க வீட்டு விவரத்தை இதுல போடுவீங்களா?"

"மேலே கேக்கணும்," என்று இழுத்தான்.

"தாராளமா கேளுங்க. கையெழுத்து விழாம நாங்க இங்கேருந்து நகர்றதா இல்லை." பூட்டம்மா பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

காலர் அக்கா கவுண்டர் பக்கம் குனிந்தாள். "உன் முகம் எனக்குச் சரியாத் தெரியலை தம்பி. குரல் நல்ல பிள்ளை குரலா இருக்கு."

அவன் உள்ளே போனான், வந்தான், மறுபடி போனான். மூன்று ஐம்பதுக்கு முத்திரை விழுந்தது.

அதோடு விட்டாளா பூட்டம்மா? தினம் ஒரு புகார், தினம் ஒரு போன் என்று அந்த நிறுவனத்தை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து காலர் அக்கா வேலைக்குத் திரும்பினாள். அலுவலக வாசலிலேயே நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். பூட்டம்மா காப்பீட்டு இணையப் பக்கத்தை அப்போதுதான் திறந்து வைத்துவிட்டு, ஏதோ ரசீதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அங்கே மேலே குட்டியா ஒண்ணு தெரியுதே. அது பூட்டுதானே?"

பூட்டம்மா திரும்பிப் பார்த்தாள். பூட்டுதான். கீழே கட்டம் தானாகவே நிரம்பியிருந்தது.

"அங்கேருந்தா தெரியுது உங்களுக்கு?"

"இங்கேருந்துதான்டி!"

வாசலுக்கும் மேசைக்கும் பத்தடி இருக்கும். பூட்டம்மாவுக்குத்தான் அதற்கப்புறம் திரையில் ஒன்றும் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.