அத்தை கடித்த பறி

அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் பொருளைக் கடித்துப் பார்த்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இத்தனைக்கும் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை, நானே பாதிதான் நம்புகிறேன்.

தோணிரேவுப் பக்கம் ஒரே அறைதான் அந்த அருங்காட்சியகம். கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற எங்கள் ஜனம் ஏரியில் இறங்கவே கூடாது என்றிருந்த காலத்தில், இறங்கியே தீருவோம் என்று போராடி உரிமை வாங்கிய கதைதான் உள்ளே இருப்பது. சுவரில் பெரிய புகைப்படம்: இடுப்பளவு தண்ணீரில் பெண்கள், ஒவ்வொருத்தி பல்லிலும் பறி. அதாவது, பிடித்த இறாலைப் போடும் ஓலைக்கூடை. இரண்டு கையும் சேற்றில் இருக்குமே, அதனால் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், பேச்செல்லாம் உதட்டசைவில்தான். நடுவில் நிற்பது என் மாமியார். போன தையில் இறந்துபோனார்.

அவர் வாங்கிக் கொடுத்த ஏரியில் இப்போது இறாலே இல்லை. என் மனைவி செல்வி மட்டும் தினமும் இறங்கி, தினமும் காலிப் பறியோடு ஏறுவாள். சேற்றுப்புண்ணில் அவள் கால் அழுகியது, இனி இறங்கினால் காலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்தால், "அடி ஒத வாங்கி எங்கம்மா வாங்குன தண்ணிய்யா, நீ கம்முனு கெட" என்பாள்.

அன்றைக்கு இரண்டு பேரும் அருங்காட்சியகம் போனபோது அந்தப் படத்தைப் பார்த்து அழுதாள். சிரிக்க வைக்கலாமென்று, மேஜைமேல் இருந்த மாமியாரின் பழைய பறியை எடுத்துக் கயிற்றைக் கடித்து, அவர் மாதிரியே புருவத்தைத் தூக்கினேன்.

"யோவ், கீழ வைய்யா! அம்மாதுய்யா அது."

வைக்க முடியவில்லை. பல் பூட்டிக்கொண்டது. காய்ந்து கிடந்த கூடை கனத்துக்கொண்டே போகிறது, வாயெல்லாம் உப்பும் சேறும், கூடைக்குள் ஏதோ துள்ளித் துள்ளித் தாடையில் இடிக்கிறது. வெளியே மத்தியான வெயில், நான் இடுப்புவரை சில்லிட்டு நிற்கிறேன். செல்வி இழுத்த இழுப்பில் கயிறு வந்தது, கூடவே என் முன்பல்லும். பறிக்குள் பார்த்தால் வெறும் தூசி.

நிமிர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், படத்தில் மற்றவர்கள் பல்லில் பறி அப்படியே இருக்கிறது, அத்தை வாயில் மட்டும் இல்லை. உதடு பிரிந்திருக்கிறது. இன்றைக்குப் போனாலும் அப்படித்தான். அங்கே சாவி வைத்திருப்பவர், அது எப்பவுமே அப்படித்தானே என்கிறார். அன்றைக்குச் செல்வி அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா செல்வி, அத்தை இன்னா சொல்லுது?" என்றேன், பல் போன வாயால்.

"எறங்காதங்குது."