நான் சொன்ன நீலப்புகை

"கீழே நிக்கிறன், இறங்கி வாங்கோ" என்பதைத் தவிர வேறெதுவும் வந்தறியாத நமது பள்ளி வான் வாட்ஸப் குழுவில், ஞாயிறு காலை ராஜி அன்ரியின் இலக்கத்திலிருந்து அவருடைய மகள் எழுதியிருந்தார்: "அம்மா விடியக் களுபோவில ஆஸ்பத்திரியில காலமாகிவிட்டா." பழக்கதோஷத்தில் "ஓம் அன்ரி, வாறன்" என்று எழுதப்போய் விரலை எடுத்தேன்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கு நம்மைச் சுமந்த, அன்ரி ஓட்டிய, நம்மைவிட வயதில் மூத்த அந்தப் பெற்றோல் வானை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பம்பலப்பிட்டிச் சிக்னலில் நின்று கிளம்பும்போது விக்கும். "ஆரடா இதை நினைக்கிறது?" என்பார் அன்ரி. ஓட்டுபவருக்குப் பின்னால் வரும் புகை தெரியாது. பின்சீட்டில் இருந்து நிறம் சொல்வது என் வேலை. "கறுப்பெண்டா பெற்றோல் எரியாமல் போகுது. வெள்ளையெண்டா தண்ணி. நீலமெண்டா ஒயில் எரியுது, எஞ்சினுக்குக் காலம் முடிஞ்சுது" என்று சொல்லித் தந்திருந்தார். 'வான் நிலை அறிவிப்பாளர்' என்ற பட்டத்தை எனக்கு நானே சூட்டிக்கொண்டேன்.

நீலம் என்றால் ஓரங்கட்டி ஒயில் பார்ப்பார். பத்து நிமிடம் போகும். காலையில் முதற்பாடம் கணக்கு. தினமும் தொடக்கத்திலேயே சின்னச் சோதனை, பிந்திப் போனால் தப்பலாம். ஆகவே எட்டு நாள் தொடர்ந்து நீலம் என்றேன். ஒவ்வொரு நாளும் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்து, "குறையேல்லையே" என்று முணுமுணுத்தபடி ஏறுவார்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை "வேற வான் பாருங்கோ பிள்ளையள்" என்று அவர் சொன்னபோது நீங்களெல்லாம் அழுதீர்கள். பின்னேரம், கடைசியாக இறங்கும் நான் மட்டும் வானில் இருந்தேன். அன்ரி வான் திருத்தும் கராஜ் பாஸுடன் போனில் கதைத்தார்.

"ஒயில் குறையேல்லைத்தான் பாஸ். ஆனா பிள்ளை ஒவ்வொரு நாளும் நீலம் எண்டு சொல்லுறான். பிள்ளை பொய் சொல்லுமே? எஞ்சின் இறக்கித் திருத்துற காசுக்கு என்னால ஏலாது. நாளைக்கு வாங்குற ஆள் வரட்டும், வானைக் குடுப்பம்."

"அன்ரி, நீலம் இல்லை" என்றேன்.

"என்னடா?"

"ஒரு நாளும் நீலம் இல்லை. கறுப்பு."

"ஏன்டா?"

"கணக்குச் சோதனை."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். "லேஞ்சியை எடுத்துக்கொண்டு இறங்கு" என்றார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் புகைக்குழாய்க்குப் பின்னால் என் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தேன். அதில் படிந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தார். "காய்ஞ்ச கரி. ஒயிலே இல்லை." மீண்டும் போனை எடுத்தார்.

"பாஸ், கறுப்பு. பிள்ளை சரியாத்தான் சொன்னவன், நான்தான் மாறி விளங்கிப்போட்டன்."

மறுமுனைச் சிரிப்பு எனக்கும் கேட்டது. "பொம்பிளையள் வான் ஓடினா இப்பிடித்தான்! பிளக்காத்தான் இருக்கும், கொண்டாங்கோ." கொழும்பின் காலி வீதியில் எந்த பஸ்காரனையும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிற மனிசி, அன்று "ஓம் பாஸ்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்க்கவேயில்லை.

சனிக்கிழமை ஒரு ஸ்பார்க் பிளக்கும் அதன் வயரும் மாற்றினார்கள். வான் விற்கப்படவில்லை. "கராஜ்காரன் பிழையாச் சொல்லி எங்களை அழவைச்சவன்" என்று இன்றுவரை திட்டுகிறீர்களே, அந்த மனிதரை விட்டுவிடுங்கள். அன்ரி யாருக்கும் சொல்லாததை நான் இப்போது சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை சிக்னலில் நின்று கிளம்பும்போது பின்சீட்டில் நாம் நால்வர் இருந்தோம். கண்ணாடியில் அன்ரியின் கண்கள் என்னிடம் வந்து நின்றன. "தம்பி, என்ன கலர்?"

வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. "ஒண்டும் இல்லை அன்ரி, சுத்தம்" என்றேன். அவர் ஒயில் பார்க்க நிறுத்தவில்லை, கியரை மாற்றினார். என்னிடமே மறுபடி நிறம் கேட்ட அவர்தான் என்னிடம் இருக்கும் ராஜி அன்ரி.