துலுக்கானத்துக்கு ஒரு வீடு

பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான் துலுக்கானம். பூந்தமல்லிப் பக்கம் துலுக்கானத்தம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுவதும், வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அவள் பெயரையே வைப்பதும் வழக்கம். அப்படி வந்த பெயர். முப்பது வருஷம் அதை யாரும் முறைத்துப் பார்த்ததில்லை.

மசூதி இடிப்பும் கலவரமுமாக இருந்த தொண்ணூற்று மூன்றில் பார்த்தார்கள். குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர்கள் தங்களுக்கே வேண்டுமென்று மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மனைவி பேபிக்கு ஏழு மாதம். திருமுல்லைவாயிலில் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்காரர் ராஜசேகரன் தெற்கத்திக்காரர்; இந்தப் பக்கத்து அம்மனை அறியாதவர். எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் பெயரைக் கேட்டார். கேட்டதும் முகம் கடுகடுத்தது. "துலுக்கங்களுக்கு வீடு விடுறதில்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் டீ வேளையில் இதைச் சொன்னபோது தெலுங்குக்கார ஃபிட்டர், "எங்க பாஷையிலயும் துருக்கன்னா சாயபுதான்" என்றார். பக்கத்து லேத் அன்வர்பாஷா சிரித்தார்.

"துருக்கி நாட்டுக்காரனுக்கு வச்ச பேரு அண்ணாத்தே. என் தாத்தனுக்குத் தாத்தன்கூட துருக்கிய பாத்ததில்ல. உருதுக் கவிதையில துர்க்னா அழகான காதலி. ஆனா எனுக்கும் அந்தத் திருமுல்லைவாயில்ல மூணு ஊட்டுல இல்லன்னுட்டானுங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். துலுக்கானத்துக்குத்தான் பொறுக்கவில்லை. துலுக்கசாமந்தியைக் கேட்டு வாங்கிச் சாமிக்குச் சாத்துகிறார்கள். பூ ஆகும், மனுஷன் மட்டும் ஆகாதா? என்ன நியாயம் இது!

ஞாயிற்றுக்கிழமை ராஜசேகரனே ஆள் விட்டுக் கூப்பிட்டார். அது அம்மன் பெயர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாவியை நீட்டினார்.

"நம்ம ஆளுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா? அக்கம்பக்கத்துல மட்டும் ஆறுமுகம்னு சொல்லிக்க."

"அன்னிக்கு வந்ததும் இதே ஆளுதானே சார்? என்கூட வேல செய்யற பாஷா வந்தா இந்தச் சாவிய குடுப்பியா?"

ராஜசேகரன் சாவி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"அப்ப எனுக்கும் வாணாம்."

வீட்டில் பேபி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் கத்தித் தீர்த்துவிட்டாள். "மாசம் முடிய நாலு நாள்தான் கீது. வயித்துல புள்ளய வச்சிகினு தெருவுலயா நிப்பேன்?"

துலுக்கானம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அழுது ஓய்ந்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"வா, அந்த பாஷா பாய் எங்க குடி கீறாருன்னு காட்டு. அவுருக்கு ஊடு குடுத்தவங்க நமக்கு மாட்டேம்பாங்களா?"