முப்பது டப்பாவும் ஒரு மாலையும்

மழை விட்டபாடில்லை. கார்த்திகைக் குளிரில் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக் கிள்ளிக் குமுதாவின் விரல்நுனிகள் மரத்துப்போயின. ஓர் அடுப்பில் கோழி கொதிக்க, ஆறிய ஆட்டுக்கறியைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் வழித்து மூடிக்கொண்டிருந்தாள்.

மழை மாதங்களில் முன்கூட்டியே ஆக்கி வைப்பது அவளுக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலைக்காட்டு வேலை. நனைந்த உடம்போடு எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்பி, "அடுப்பப் பத்த வைக்கிறதுக்குள்ள பசியே செத்துப்போயிடும்" என்பாள். அதனால் ஞாயிறு ஆக்கியது வியாழன்வரை வரும்.

இந்தத் தடவை வேலை பெரியது. மலைக்குக் கீழே ஈப்போ டவுனிலிருக்கும் மகள் புனிதாவுக்கு அடுத்த வாரம் இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்குக் குமுதா போகவில்லை. லோரி ஓட்டும் புருஷன் சுகுமாரனுக்கு முட்டைகூடப் பொரிக்கத் தெரியாதே என்று நின்றுவிட்டாள். "ஒனக்கு அப்பாதாம்மா பெருசு" என்று மகள் போனில் சொன்னது முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. இந்த முறை போயே தீருவது. அவள் இல்லாத முப்பது நாளுக்கு அவனுக்கு முப்பது டப்பா. தன் ஃப்ரிட்ஜ் கொள்ளாமல் அடுத்த வீட்டு மோகனாவின் ஃப்ரிட்ஜிலும் பாதி.

கடைசி மூடியில் தேதி எழுதி ஒட்டும்போது சுகுமாரன் வந்தான். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் துளசிமணி மாலை.

"என்னங்க இது கோலம்?"

"ஐயப்பனுக்கு மால போட்டுட்டேன் லா, தானா ராத்தா டவுன் கோயில்ல. பிள்ள நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்ல? நாப்பத்தெட்டு நாளு. கவுச்சி ஆகாது, ஆக்கி வச்சதும் ஆகாது. அப்பப்ப ஆக்கினதுதான் சாப்பிடணும்னு குருசாமி சொல்லிட்டாரு."

குமுதா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள்.

"அடியாத்தி! இவ்வளவும் எனக்கா?"

"இல்ல, எஸ்டேட் துரைக்கு."

மகளுக்காக நேர்ந்துகொண்டவனை எப்படித் திட்டுவது? 'அப்ப நீ போவாத' என்று மட்டும் அவன் சொல்லிவிடக்கூடாது என்று காத்திருந்தாள். சொன்னால் நின்றுவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு அது தெரியும்.

சுகுமாரன் மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். டப்பாக்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நீ போய்ட்டு வா. நானே ஆக்கிக்குவேன்."

"சாமியா ஆக்கப்போறது?"

"மால போட்டவன் ஒரு சோறு வடிக்க மாட்டானா?"

"ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தன டம்ளர் தண்ணி, சாமி?"

சாமி தகரக்கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணு. இல்ல... நாலு?"

சிரிப்பை அடக்கமுடியாமல் குமுதா பின்வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள்: "மோகனா, ஒங்கூட்டுல இருக்கிற கறியெல்லாம் நீங்களே சாப்பிடுங்க! எங்க வீட்டுல சாமி வந்திருக்கு!"

திரும்பி வந்து பருப்பு டின்னையும் புளி ஜாடியையும் அவன் முன்னால் வைத்தாள். சுகுமாரன் லோரி இன்ஜினைப் பார்ப்பதுபோல் இரண்டையும் பார்த்தான்.

"குமுதா, பருப்பும் புளியும் ஒண்ணா போட்டே வேக வச்சிரலாமா?"

காலை ஈப்போ பஸ்ஸுக்கு இன்னும் ஒரு துணிகூட அடுக்கவில்லை. குமுதா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பையை எடுக்க உள்ளறைக்குப் போனாள்.