மந்திரி வாசித்த பதில்

நான் அரசாங்க சபையில் மெம்பராக இருந்தபோது, பழுகாமத்து வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானை நாவற்குடாவில் என் வீட்டுக்கு வந்தார். "குளக்கட்டு உடைஞ்சி வயல் வட்டை முழுக்கத் தண்ணிக்குள்ள கிடக்கு ஐயா, மந்திரிட்ட கேளுங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லக் கேள்வியை எழுதினேன்.

பின்வரிசையில் எழுந்து அதைக் கேட்டபோது, மந்திரி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: "குளக்கட்டு உறுதியாக இருக்கிறது. பயிருக்குச் சேதமில்லை." முன்வரிசை என்னைப் பார்த்துச் சிரித்தது.

எந்தப் புளுகன் எழுதிக் கொடுத்தான் என்று விசாரித்தேன். என் கேள்வி விளக்கம் கேட்டு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய், அங்கிருந்து அதே விதானையின் கைக்குத்தான் வந்திருந்தது. ஊருக்கு வந்ததும் அவரிடம் கத்தினேன்.

"மேலிடத்துக்கு அப்பிடித்தான் எழுதோணும் ஐயா" என்றார். "நீங்க விடாதீங்க, திரும்பக் கேளுங்க."