மரியாதைக்கு ஆகும் நேரம்

வில்லை எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் என் கணவர். நாலு பேர் சேர்ந்து ராட்சத மிருகங்களை வேட்டையாடுகிற வீடியோ கேம் அது. ஆயுதங்கள் பத்துப் பதினைந்து வகை. "நீ வில்ல எடுத்துக்க புள்ள. தூரமா நின்னு உட்டுட்டு இருக்கலாம், ஒண்ணும் ஆவாது" என்றார். ஆளுயர வாளைத் தனக்கு வைத்துக்கொண்டார். பகல் முழுக்க எஸ்டேட் ஆபீசில் பேனா பிடித்துக் கணக்கெழுதுகிற ரைட்டருக்குச் சாயங்காலம் வாள் தேவைப்பட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் தூரமாக நிற்கலாம் என்றாரே, அது சுத்தப் பொய். வில்லுக்கென்று ஓர் அளவான தூரம் இருக்கிறது. அதைத் தாண்டிப் பின்னால் போனால் நம் அம்பு மிருகத்துக்குக் கொசுக்கடி. முன்னால் போனால் நாம் அதற்குச் சிற்றுண்டி. நாணை இழுத்துப் பிடித்தால் அம்பின் பலம் மூன்று படி ஏறும். ஆனால் பிடித்துக்கொண்டே நின்றால் மூச்சு தீர்ந்து, மிருகத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து இளைத்துக்கொண்டு நிற்போம். பிடித்த நாணை விடாமல் பக்கவாட்டில் துள்ளவும் வேண்டும், துள்ளுகிற துள்ளலிலேயே படியும் ஏற வேண்டும். வித்தை அவ்வளவுதான். எனக்குக் கைவர மூன்று மாதம் ஆயிற்று.

நேரத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமையில் ஏற்காட்டுக்கு ஒரு ஜீவன் வராது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே நானும் என் வில்லும். இரண்டு தடவை பருப்பு அடிப்பிடித்தது. இரண்டு தடவையும் கடைக்காரர் கொடுத்த பருப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் வேலை முடிந்து வந்ததும் ஆறு மணிக்கு வேட்டை. அவர் முன்னறையில் பெரிய டிவியில். நான் உள்ளறையில் பழைய கம்ப்யூட்டரில். இன்னும் இரண்டு பேர் தங்கள் வீடுகளிலிருந்து சேர்வார்கள். ஒருவர் கரடியூரில் காபித்தோட்டம் வைத்திருப்பவர். இன்னொருவர் டவுனில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கும் சேலத்துக்காரர். நால்வரும் ஹெட்போனில் பேசிக்கொள்வோம்.

வாள்காரர் மிருகத்தின் வயிற்றுக்கு அடியில் நிற்பவர். அவர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு கால்கள் மட்டும். முழு மிருகத்தையும் பார்ப்பது வில்காரிதான். அது இடது தோளைத் தாழ்த்தினால் அடுத்தது வால் சுழற்றும். அதை முதலில் கண்டு எச்சரிப்பது என் வேலை. கண்டேன். எச்சரித்தேன். "ஏனுங்க, வாலு வருதுங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க!" நான் 'வாலு'வில் இருக்கும்போதே அவர் பாறையில் ஒட்டிக்கிடந்தார்.

நாலு பேரில் யார் விழுந்தாலும் கணக்கில் சேரும். மொத்தம் மூன்று தடவை விழுந்தால் வேட்டை முடிந்தது. அந்த மூன்றும் பெரும்பாலும் அவருடையதாகவே இருந்தது, என் மரியாதையின் உபயத்தில். அவர் என்னை எச்சரிக்க வேண்டுமானால் "தள்ளு!" போதும். நான் தள்ளிவிடுவேன். எனக்கோ ஏனுங்க தொடங்கி ங்க முடியும்வரை வாக்கியம் போய்க்கொண்டே இருக்கும். சுருக்கிப் பார்த்தேன். வெறும் "ஏனுங்க!" என்று மட்டும் கத்தினேன். வீட்டில் கூப்பிட்டால் எப்படியோ அப்படியே, "என்ன?" என்று வாளைத் தாழ்த்திவிட்டு நின்றார். வால் வந்து பதில் சொன்னது.

ஒரு வியாழக்கிழமை தொடர்ந்து நாலு வேட்டை தோற்றோம். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளறைக் கதவில் வந்து நின்றார். "உனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியல புள்ள. சனிக்கிழமை ஒருக்கா பார்ப்போம். அதுவும் போச்சுன்னா அடுத்த வாரத்துலேர்ந்து சித்தப்பன் பையன் உன் எடத்துக்கு வர்றேங்கிறான். அவன் துப்பாக்கி வச்சிருக்கான்" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. இந்த வீட்டில் நானாக உட்கார்ந்து, யாருக்காகவும் இல்லாமல் கற்றுக்கொண்டது அந்த வில் ஒன்றுதான். அதையும் வாங்கி வைத்துவிட்டு, போய்க் காபி போடு என்று சொன்ன மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அதே மிருகம். கரடியூர்க்காரர் ஆரம்பத்திலேயே ஒரு தடவை விழுந்தார், சேலத்துக்காரர் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை விழுந்தால் வேட்டை போச்சு. மிருகமும் நொண்ட ஆரம்பித்திருந்தது. நான் நாணை மூன்றாம் படிக்கு இழுத்துப் பிடித்திருந்தேன். இடது தோள் தாழ்ந்தது. என் கணவர் அதன் வயிற்றடியில் கண்மண் தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உருளு!"

என் குரல்தான். சுவரைத் தாண்டி முன்னறைக்கே கேட்டிருக்கும். அவர் உருண்டார். வால் அவர் தலைக்கு மேலே வெறும் காற்றில் போயிற்று. "எந்திரி! முன்னாடி ஓடு! காலை வெட்டு!" வாய் நிற்கவில்லை. எழுந்தார், ஓடினார், வெட்டினார். நான் விட்ட அம்பு கழுத்தில் இறங்கியது. மிருகம் சாய்ந்தது.

ஹெட்போனில் கரடியூர்க்காரர் தொண்டையைச் செருமினார். சேலத்துக்காரர்தான், "ஏனுங்கக்கா, எனக்கும் இனிமே இப்படியே சொல்லிருங்க" என்றார். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில், நான் சொல்லி வாய் மூடுவதற்குள் என் கணவர் செய்து முடித்த காரியங்கள் அந்த நாலும்தான். எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கதவில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நொம்ப நல்லா உட்ட. சித்தப்பன் பையனை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "வேட்டையில எப்படி வேணாச் சொல்லிக்க. அதுல தப்பில்ல" என்று சேர்த்துக்கொண்டார். வேட்டையில் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சும்போது கேஸ் தீர்ந்துபோயிற்று. நிரம்பிய சிலிண்டர் பின்வாசலில் இருந்தது. "ஏனுங்க, சிலிண்டரைக் கொஞ்சம் மாத்திக் குடுங்க" என்றேன். "ம்" என்றார், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னேன். மறுபடியும் "ம்." மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது "எந்திரி!" என்ற அந்த ஒற்றைச் சொல் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் எழுந்துவிடுவார் என்று இப்போது எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. பின்வாசலுக்குப் போய்ச் சிலிண்டரை நானே உருட்டிக்கொண்டு வந்தேன்.